சாமுவேல் பெயருக்கு நேரே போட்ட சிலுவை

சபையாரே, நான் எட்டாவது வரை படித்தவன். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் குடித்தனம். 1988-ல் இலங்கைக்குப் போன நம் ராணுவத்தில் இருந்த என் மூத்த மகன் சாமுவேல் காணாமல் போனான். "காணவில்லை" என்று தந்தி வந்தது. செத்தான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. அந்த ஒரு சொல்லோடு பதினான்கு மாதம் கிடந்தோம்.

குத்தம்பாக்கத்தில் என் அண்ணன் வீட்டில் எங்கள் குடும்ப வேதாகமம் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் ஆறு தலைமுறைப் பெயர்கள். இறந்தவர் பெயருக்கு நேரே சிலுவையும் தேதியும் போடுவோம். கிறிஸ்துமஸ் அன்று பிள்ளைகள் அந்தப் பெயர்களை வரிசையாக ஒப்பித்தால்தான் சாப்பாடு.

ஒருநாள் அண்ணன் சொன்னார்: "இன்னும் எத்தினி நாளுடா இப்டியே கீறது? சிலுவைய போட்டு, ஜெபம் வெச்சி, அழுது முடிச்சிடலாம்டா."

எனக்கும் மனசு அலுத்துப்போயிருந்தது. சரி என்றேன். தந்தி வந்த தேதியையே போட்டார்.

என் மனைவி எஸ்தர் அதைப் பார்த்துவிட்டாள். "புள்ள செத்துட்டான்னு உனுக்கு யாருயா சொன்னது? தந்திக்காரனா?" அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை.

ஷிப்டு முடிந்து ஆலயத்தில் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, அவனைத் திருப்பித் தாரும் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நான் போடச் சொன்ன சிலுவை பொய்யா, மெய்யா? அதை மட்டும் சொல்லும்." நாற்பது நாள் உபவாசம் எடுத்தேன்.

அது முடியுமுன்னே, ஒரு ஞாயிறு ஆராதனை விடும் நேரம், குத்தம்பாக்கம் ஆலயத்துக்கு ஊன்றுகோலோடு ஒருவர் வந்தார். வேலூர்ப் பக்கத்துச் சிப்பாய். சாமுவேல் சொன்ன சொந்த ஊர்ப்பெயர் மட்டும் அவருக்குத் தெரியும், முகவரி தெரியாது; அங்கே சாமுவேல் என்ற பெயரோ வீட்டுக்கு வீடு உண்டு. "சின்னப்பன், அவர் மகன் ஞானமுத்து, அவர் மகன் தேவசகாயம்..." என்று வாசலில் நின்று ஒப்பித்து, "இது யாரு ஊட்டுப் பேருங்க?" என்று கேட்டாராம். நடுவில் மாசிலாமணி என்ற பெயரை விட்டுவிட்டாராம். சாமுவேல் வருஷா வருஷம் விட்டுவிட்டு அண்ணனிடம் குட்டு வாங்கும் பெயர் அது! அண்ணன் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார். பிறகு அவரைக் கையோடு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்.

"குண்டு சத்தம் கேட்டா இந்தப் பேருங்களத்தான் சொல்லிகினே இருப்பாம்மா. கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம்" என்றார் அவர். கண்ணிவெடியில் இவரும் சாமுவேலும் சிக்கினார்களாம். சாமுவேல் பிழைக்கவில்லை. உடலை எடுத்துவர முடியாததால் ராணுவத்தில் "காணவில்லை" என்றே எழுதிவிட்டார்களாம். இவர் ஒரு காலை இழந்து, வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார்.

எஸ்தர் ஒன்றே ஒன்று கேட்டாள். "தனியா கெடந்து செத்தானா, தம்பி?"

"இல்லம்மா. என் மடிலதான் தல வெச்சிருந்தான்."

அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து என் பக்கம் திரும்பினாள். "நாளு இன்னான்னு தம்பியக் கேட்டு, ஒழுங்கா எழுதச் சொல்லுயா உங்க அண்ணாத்தைய."

என் மகன் திரும்பவில்லை. ஆனாலும் நன்றி சொல்ல எனக்கு வாய் போதவில்லை. ஒற்றைக் காலோடு ஒரு மனிதரைப் பஸ் மாறி மாறி என் வாசல்வரை நடத்தி வந்தவர் யார்? பண்டிகைக்கு மட்டும் ஆலயம் போன நான் இன்று எஸ்தரோடு தினமும் காலையில் ஜெபிக்கிறேன். பதில் தெரியாமல் தவிக்கிற தகப்பன்மாரே, தாய்மாரே, அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வது நமக்கு வலித்தாலும், சொல்லும்போது பக்கத்திலேயே இருப்பார்.