கால் அக்கா கேட்ட எட்டாவது கேள்வி

அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் அவளுக்குக் ‘கால் அக்கா’ என்றுதான் பேர். மற்ற நர்ஸ்கள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் போர்வையை விலக்கிக் காலைப் பார்ப்பாள். கெண்டைக்கால் வீங்கியிருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா?

பத்து வருஷத்துக்கு முன் ஒரு தையல்காரர். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மறுநாள் வீட்டுக்குப் போகவேண்டியவர். படுத்தே கிடந்ததில் காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டது. அவளிடம் பேசிக்கொண்டிருந்தவருக்கு அப்படியே மூச்சு நின்றுவிட்டது. ஒரு மாசம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால்தான், வார்டில் சேரும் ஒவ்வொருவருக்கும் ரத்தம் உறையும் ஆபத்து எவ்வளவு என்று கேட்டு எழுதச் சொல்லிப் புதுப் படிவம் வந்தபோது எல்லாரும் முனக, அவள் மட்டும் மகிழ்ந்துபோனாள். அதிகம் முனகியவர் பெரிய டாக்டர். “ஏம்மா, நாங்க வைத்தியம் பாக்கவா, ஃபாரம் நிரப்பவா?”

ஒரு மழைநாளில் அவரே படிக்கட்டில் வழுக்கி, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு அவளுடைய வார்டுக்கே வந்து சேர்ந்தார். அவள் படிவத்தோடு போய் நின்றாள்.

“எனக்குமா?”

“உங்களுக்கும்தான் சார். வயசு?”

“உனக்குத் தெரியாதா?”

“தெரியும். நீங்க சொல்லணும்.”

ஏழு கேள்விக்கு வேண்டாவெறுப்பாகப் பதில் வந்தது. எட்டாவது, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் கட்டியது உண்டா?

“இல்ல. எழுதிக்கோ.”

“ஏங்க, உங்க அக்கா?” என்றார் அவர் மனைவி, மெல்ல.

டாக்டர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய அக்கா, பிள்ளை பெற்ற பத்தாம் நாள் இறந்துபோனவர். “காலு வீங்கியிருந்துச்சும்மா. நான்தான் அமுக்கி விட்டேன். டாக்டருக்குப் படிக்கப்போன பிறகுதான் அது ரத்தக்கட்டி, அமுக்கினா நகந்து மேல போயிடும்னு புரிஞ்சுது. நான் அமுக்கினத யார்கிட்டயும் சொன்னதில்ல.”

“அப்ப உங்களுக்கு வயசு என்ன சார்?”

“பன்னெண்டு.”

“பன்னெண்டு வயசுப் புள்ளைக்கு அக்கா கால் வலிக்குதுங்கறது மட்டும்தான் சார் தெரியும்,” என்றாள்.

ரத்தத்தைச் சோதித்தார்கள், மற்றவர்களைவிட எளிதில் உறையும் ரத்தம்தான், பரம்பரையாக வருவது. ரத்தம் உறையாமலிருக்க எந்த ஊசி, எத்தனை நாள் என்பதெல்லாம் அதற்கேற்ப மாறியது. ஆபரேஷனுக்கு மறுநாளே அவள் அவரை எழுப்பி நிறுத்தினாள்.

“இன்னும் நாலு அடி சார்.”

“உனக்கு மெமோ குடுப்பேன் பாரு!”

“நடந்து வந்து குடுங்க.”

நடந்தார். நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார். அடுத்த மாசமே, ஊன்றுகோலோடு, கர்ப்பமாயிருந்த தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“இவளையும் கேளும்மா. ஒண்ணு விடாம கேளு.”

“கேக்கறேன். நீங்க வெளிய உக்காருங்க சார்,” என்றாள் கால் அக்கா. “எல்லாத்துக்கும் நீங்களே பதில் சொல்லிடுவீங்க.”