கௌசர் அக்கா பிடித்து வைத்த இடம்

கல்மண்டபத்துப் பக்கம் உள்ள எங்கள் கிளை நூலகத்துக்கு நூலகர் நான்தான். ஆனால் சாவியைத் தவிர மற்ற அதிகாரமெல்லாம் கௌசர் அக்காவிடம். வயது அறுபத்திரண்டு. இறால் உரிக்கும் கம்பெனியில் முப்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். வீடு ஒரே அறை, அதில் ஏழு பேர். காலையில் நான் கதவைத் திறந்ததும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, செய்தித்தாளை வரி விளம்பரம் விடாமல் படிப்பார். பிறகு அமைச்சர்களைத் திட்டுவார். அமைதி காக்கவும் என்ற பலகை அவர் தலைக்கு மேலேதான் தொங்குகிறது.

புத்தகங்கள் நூலகத் துறையுடையவை, கட்டடம் மாநகராட்சியுடையது. கொசு மருந்து அடிக்கும் இயந்திரங்களை வைக்க இடம் தேடியவர்கள் கண்ணில் எங்கள் கட்டடம் பட்டுவிட்டது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஓர் அதிகாரி வந்து வாசகர்களை எண்ணுவாராம். இருபது பேருக்குக் குறைந்தால் நூலகத்தைத் தொலைவில் உள்ள இன்னொன்றோடு சேர்த்துவிடுவார்களாம். எங்களுக்கு வருவதோ தினம் எட்டுப் பேர்.

"எனக்குன்னு இந்த ஊர்ல கீறது இந்த ஒரு நாற்காலி தான், ஜெமிமா" என்றார் அக்கா. அதுவரை அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

மறுநாள் அக்கா தெளிந்துவிட்டார். நேராகப் போய்த் தண்ணீர் லாரி ஓட்டும் சுயம்புவைப் பிடித்தார். தெருமுனையில் நிற்கும் லாரி வியாழக்கிழமை நூலக வாசலில் நிற்க வேண்டும். எங்கள் பக்கம் வரிசையில் குடத்தை வைத்துவிட்டால் ஆளே நிற்பதாகக் கணக்கு. குடங்கள் வெளியே நிற்கட்டும், பெண்கள் உள்ளே உட்காரட்டும் என்பது திட்டம்.

வியாழக்கிழமை பத்து மணிக்கே இருபத்தாறு பேர் வந்துவிட்டார்கள்.

"ஆளுக்கொரு புக்கு எடுங்க. தலகீழா புடிச்சி என் மானத்த வாங்காதீங்க" என்றார் அக்கா. சற்று நேரத்தில் அறையில் சத்தமே இல்லை. என்ன நடிப்பு என்று வியந்துகொண்டிருந்தேன்.

பதினொன்றுக்குச் சரியாக லாரி வந்து ஹாரன் அடித்தது. தண்ணீர் பிடிக்க எல்லோரும் ஓட, ஒரே நிமிடத்தில் அறை காலி. அந்த நேரம் பார்த்து அதிகாரி நுழைந்தார். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு புத்தகம் கவிழ்ந்து கிடந்தது.

"வாசகர்கள் எங்கம்மா?"

"தோ கீறாங்களே சார்! புக்கு இருந்தா ஆளு இருக்கற கணக்கு. எண்ணிக்கோங்க" என்றார் அக்கா, கூசாமல்.

அதிகாரி சிரிக்கவில்லை. உட்காருவதற்காக ஒரு புத்தகத்தை எடுத்து மூடினார்.

"யோவ், மூடாத!" வெளியே குடம் பிடித்துக்கொண்டிருந்த பச்சையம்மா ஜன்னல் வழியாகக் கத்தினாள். "பாயாசத்துல வெஷம் வெச்சிட்டா. யாரு குடிச்சாங்கன்னு தெரியாம நான் எப்டிய்யா வூட்டுக்குப் போவேன்?"

குடம் நிரம்பியவர்கள் ஒவ்வொருவராக ஓடிவந்து விட்ட பக்கத்தைத் தேடினார்கள். நடிப்பு என்று நான் நினைத்தது நடிப்பில்லை. அதிகாரி சுவரோரம் ஒதுங்கி நின்று எண்ணினார். நூலகம் இங்கேயே இருக்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து தினமும் கூட்டம். நேற்று அக்கா வருவதற்குள் ஜன்னலோரத்தில் பச்சையம்மா உட்கார்ந்துவிட்டாள். அக்கா அதட்டிப் பார்த்தார். அவள் நிமிரவே இல்லை. என் மேசையோரம் நின்றபடியே அக்கா மாநகராட்சிக்கு மனு எழுதினார். எங்கள் நூலகத்துக்குப் பத்து நாற்காலிகள் வேண்டுமாம், கூடவே இன்னொரு ஜன்னலும்.