கோமதி அக்கா திருப்பச் சொன்ன திருகாணி

போன வெள்ளிக்கிழமை காலை கோயம்புத்தூரிலிருந்து மட்டாஞ்சேரிக்கு ஒரு டிரங்க் கால் வந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அப்போது போர்டில் உட்கார்ந்திருந்தவள் நான்தான். கேட்ட எண்ணைப் பார்த்ததுமே கோமதி அக்காவின் தம்பி வீடு என்று தெரிந்துவிட்டது. இணைப்பைக் கொடுத்து, "பேசுங்கோ" என்று சொல்லி, இரண்டு பக்கமும் குரல் போகிறதா என்று ஒரு நொடி காதில் வைத்திருந்தேன். அவ்வளவு நேரம் கேட்பது எங்கள் வேலை. அந்த ஒரு நொடியில், "கோமதி போயிட்டாடா" என்று அவர்களுடைய மூத்த சகோதரி சொன்னது என் காதில் விழுந்தது.

நான் லைனை விட்டு விலகினேன். அடுத்து வந்த மூன்று கால்களையும் தப்பில்லாமல் இணைத்தேன். அதன் பிறகுதான் உறைத்தது. பதின்மூன்று வருஷம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருடைய மரணச் செய்தியை நானே இணைத்துக் கொடுத்திருக்கிறேன். போதாததற்கு, பேச்சைக் கேட்கக் கூடாது என்று அவர் போட்ட சட்டத்தையும் மீறிவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். கோமதி அக்காவின் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ் பேசினாலும் கடிதம் எழுதுவது மலையாளத்தில்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது தொடங்கினால், "மூணு நிமிஷம் ஆயாச்சு" என்று எழுந்து போய்விடுவார். டிரங்க் காலில் நேரம் முடிந்ததும் நாங்கள் சொல்லும் வாக்கியம் அது. அக்கா அதைக் கல்யாண வீட்டிலும் சொல்வார், துக்க வீட்டிலும் சொல்வார். பிடிக்காத பேச்சைப் பாதியில் வெட்டுவதில் அவருக்கு இணை கிடையாது. அவரிடம் கோபித்துக்கொண்டு மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள் உண்டு, நானும் ஒரு முறை இருந்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு மிளகு வியாபாரி வெளியூரிலிருந்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதைக் கேட்டு வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தேன். அக்கா என் காதிலிருந்த கருவியைக் கழற்றி மடியில் வைத்தார். "பேச்சைக் கேக்கப்படாது. லைனைக் கேளு, கேட்டியா" என்றார்.

லைனில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று அன்று எனக்குப் புரியவில்லை. மழைக்காலம் வந்தபோது புரிந்தது. ஒரு எண்ணில் சும்மா இரைச்சல் வந்தது. அக்கா அதை அரை நிமிஷம் கேட்டுவிட்டு, தோப்பும்படிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கேபிளில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்றார். லைன்மேன்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். தோண்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் திரும்பி வந்தார்கள்.

இனி என் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத என்னால் முடியாது.

என் கணவர் ராமநாதன் துறைமுகத்தில் இறங்கும் சரக்கைக் குறித்துக்கொள்ளும் கிளார்க். சில வருஷங்களுக்கு முன் ஒரு மரப்பெட்டி நழுவி அவருடைய வலது கைமேல் விழுந்தது. எலும்பு சேர்ந்தது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. விரல்களுக்கு வேலை கொடுத்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் இப்படியே நின்றுவிடும் என்றார் டாக்டர். பேனா பிடிக்க முடியாத கிளார்க்கை எந்த அலுவலகம் வைத்துக்கொள்ளும்? அமுக்கச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்தை இவர் ஜன்னல் வழியாக எறிந்தார்.

அந்தச் சமயத்தில் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த என் மைத்துனர் ஒரு சின்ன கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். தடித்த புத்தகம் ஒன்றின் அளவுதான் இருக்கும். அதை டிவியோடு இணைக்க வேண்டும். விளையாட்டுகள் எல்லாம் கேசட்டில் இருந்தன. டேப்ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டு வயரைச் செருகினால், ஐந்து நிமிஷத்தில் விளையாட்டு கம்ப்யூட்டருக்குள் ஏறிவிடும். அதில் ஒன்று, பாறைகளுக்கு நடுவே படகு ஓட்டும் விளையாட்டு. இவருக்கு அதில் பைத்தியம் பிடித்துவிட்டது. இடது கையால் ஆடினால் படகு மோதியது. தன்னையறியாமல் வலது விரல்கள் பட்டனுக்குப் போக ஆரம்பித்தன. நான் அடுக்களையிலிருந்து பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல இருந்துகொண்டேன்.

இரண்டு மாதம் அப்படிப் போனது. பிறகு ஒரு நாள் விளையாட்டு ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. ஐந்து நிமிஷம் காத்திருந்தால், ஏற்றுவதில் பிழை என்று திரையில் ஒரு வரி வரும். வேறு கேசட் போட்டோம், அதுவும் அப்படியே. டிவியைத் தட்டினோம், வயரை மாற்றினோம், ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினோம். டேப்ரிக்கார்டர் நன்றாகப் பாடுகிறது, அதனால் கோளாறு கம்ப்யூட்டரில்தான் என்று எல்லோரும் தீர்ப்புச் சொன்னார்கள். தோப்பும்படியில் ரேடியோக் கடை வைத்திருக்கும் ஜோசப் சேட்டனும் அதையே சொன்னார். இவர் கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். வேலை நிலைக்குமா என்று முடிவு செய்ய அலுவலக டாக்டர் கையைப் பார்க்கும் நாளுக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

போர்டில் உட்கார்ந்து நான் அழுததை அக்கா பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் டூட்டி முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கம்ப்யூட்டரை அதற்கு முன் அவர் கண்ணால் பார்த்ததில்லை. வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: கடைசியாக எப்போது ஓடியது, அதன் பிறகு வீட்டில் என்ன மாறியது? ஒன்றும் மாறவில்லை என்றேன்.

"ஒண்ணும் மாறாம ஒரு லைன் சாகாது" என்றார்.

டிரங்க் கால் எழுதும் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் குறிக்கத் தொடங்கினார். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மற்றதைத் தொடக் கூடாது. டிவியைத் தள்ளி வைத்து ஐந்து நிமிஷம். ஒலியைக் கூட்டி ஐந்து நிமிஷம். குறைத்து ஐந்து நிமிஷம். நான் கொடுத்த சாயா ஆறிப்போனது. கடைசியில் வயரைப் பிடுங்கிவிட்டு, விளையாட்டுக் கேசட்டைப் பாட்டுக் கேட்பதுபோல ஓடவிட்டார். முதலில் ஒரு நீண்ட விசில், பிறகு கரகரவென்று ஓர் இரைச்சல். நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம். அக்கா கண்ணை மூடிக் கேட்டார். விசில் மழுங்கியிருக்கிறது என்றார்.

பிறகு ஒரு வெற்றுக் கேசட் கேட்டார். அதே டேப்ரிக்கார்டரில் தன் குரலை அதில் பதிவு செய்து போட்டுப் பார்த்தார். கணீரென்று கேட்டது.

"தான் பேசினது இதுக்கு நன்னாக் கேக்கறது. மத்தவா பேசினாத்தான் மங்கறது. யாரானும் இதோட காதைப் பிடிச்சுத் திருகினேளா?"

எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. காலமான என் மாமனார் பஜனையில் பாடிய கேசட் ஒன்று எங்களிடம் இருக்கிறது. யாரோ ஒரு நண்பர் தன்னுடைய பழைய மிஷினில் பதிவு செய்தது. எங்கள் டேப்ரிக்கார்டரில் அது போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோலக் கேட்கும். மாமனாருடைய திவசத்தன்று இவர் தெளிவாகக் கேட்கட்டுமே என்று, யாரிடமும் சொல்லாமல் ஜோசப் சேட்டனிடம் எடுத்துப்போனேன். டேப் உரசிப் போகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி. அந்தக் கேசட்டுக்குத் தோதாக அவர் அதைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார். திவசத்தன்று மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து பாடியதுபோல இருந்தது. இவர் அழுதார், நானும் அழுதேன். அதற்கு மறுநாள்தான் விளையாட்டு நின்றது. பாட்டு நன்றாகக் கேட்டதால், அந்தக் கேசட்டுக்குச் சரியானது மற்றக் கேசட்டுகளுக்குக் கோணலாகும் என்று நான் யோசிக்கவே இல்லை. ஜோசப் சேட்டனும் தான் திருப்பியதை மறந்துபோயிருந்தார்.

நான் சொல்லி முடித்ததும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பினார். "வேண்டாம் அக்கா. அப்பா குரல் இருக்கட்டும். விளையாட்டு போனாப் போறது" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விளையாட்டு மட்டுமா போயிற்று? கையையும் வேலையையும் சேர்த்துத்தான் அவர் விட்டுக்கொடுத்தார்.

அக்கா அசரவில்லை. "ரெண்டு பார்ட்டிக்கும் ஒரே நேரத்தில லைன் குடுக்கச் சொல்லி யார் சொன்னா? மாத்தி மாத்திக் குடுத்தாப் போறும்" என்றார். என் நகப்பூச்சை வாங்கி, திருகாணி இருந்த நிலைக்கு நேராகச் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தார். அது அப்பாவின் புள்ளி. பிறகு சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இவரிடம் நீட்டினார். நான் வாங்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"எனக்குக் கை நடுங்கும். நான் கேக்கறேன், நீங்கோ திருப்புங்கோ. இடது கை வேண்டாம்."

அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கட்டை விரலும் மற்ற இரண்டு விரலும் சேர்ந்தால்தான் பிடிக்க முடியும். இரண்டு முறை நழுவியது. இவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. எனக்கு ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, அக்கா முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டேன். விசில் ஓடிக்கொண்டே இருந்தது. மயிரிழை மயிரிழையாக அது கூர்மையானது. அக்கா கண்ணைத் திறக்காமல் கையை உயர்த்தி, "போறும்" என்றார். அங்கே இரண்டாவது புள்ளி வைத்தார். வயரைச் செருகினோம். ஐந்து நிமிஷம் காத்திருந்தோம். திரையில் ஆறு வந்தது, பாறை வந்தது, படகும் வந்தது.

அன்று முதல் இவர் தினமும் காலையில் அப்பாவின் புள்ளிக்கும் சாயங்காலம் விளையாட்டின் புள்ளிக்கும் தானே திருப்பினார். ஆறு வாரம் கழித்து டாக்டர் முன்னால் போட்ட கையெழுத்து கோழி கிளறினது போலத்தான் இருந்தது. ஆனாலும் அவர் வலது கையால் போட்ட கையெழுத்து. வேலை நிலைத்தது. இன்று எங்கள் வீட்டில் உலை கொதிப்பது கோமதி அக்காவால்தான்.

அதன் பிறகு, வளைகுடாவிலிருந்து கம்ப்யூட்டர் வந்த வீடுகளிலெல்லாம் அக்காவைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எல்லா வீட்டிலும் முதல் கேள்வி அதேதான்: என்ன மாறியது? அவர் படகு ஓட்டியது ஒரே ஒரு முறை. முதல் பாறையிலேயே மோதிவிட்டு, இதற்காகவா இத்தனை பாடு என்று எழுந்துகொண்டார். வருஷக்கணக்கில் போர்டில் பிளக் செருகிய கை, ஒரு நாளும் நடுங்கி நான் பார்த்ததில்லை. அன்று ஏன் பொய் சொன்னீர்கள் என்று ஒரு முறை கேட்டேன். "மூணு நிமிஷம் ஆயாச்சு" என்றார்.

போன வருஷம் ஓய்வு பெற்று, கோயம்புத்தூரில் இருக்கும் சகோதரியிடம் போய்விட்டார். ரயிலடியில் எல்லோரும் அழுதோம், அவர் அழவில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னேன். இவர் எழுந்து போனார். அலமாரியிலிருந்து அந்தப் பழைய வெற்றுக் கேசட்டை எடுத்தார். அன்று இவர் திருகாணியைத் திருப்புவதற்கு முன்னால் அக்கா பேசியது அது. அதனால் அது தெளிவாகக் கேட்பது அப்பாவின் புள்ளியில்தான். வலது கையால், தடுமாறாமல், அந்தப் புள்ளிக்குத் திருப்பினார்.

"ஹலோ, மட்டாஞ்சேரி. என் குரல் கிளியரா இருக்கோ?"

அவ்வளவுதான் இருக்கிறது அதில். மிச்சமெல்லாம் வெறும் டேப் ஓடும் சத்தம். அதையும் கடைசிவரை கேட்டோம்.

கிளியராக இருக்கிறது, அக்கா. ஒரு வாரமாகத் திருகாணி அந்தப் புள்ளியிலேயே நிற்கிறது, படகு கிளம்பவில்லை. பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் இவரே திருப்பி வைப்பார், இல்லாவிட்டால் நீங்கள் திட்டுவீர்கள். அதுவரை இந்த லைன் உங்களுடையது. மூன்று நிமிஷம் ஆனாலும் நான் துண்டிக்க மாட்டேன்.