பின்சீட்டு ஆராய்ச்சி

உணவகத்து வாசலில் நிற்கும் டெலிவரி வண்டிகளுக்கு நடுவே, தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஒரு பெண்மணி நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டிருப்பார்.

"பொட்டலம் கைக்கு வர எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"பதினெட்டு."

"போன்ல எத்தனைன்னு போட்டிருந்துச்சு?"

"எட்டு."

கேட்டவர் முகம் மலர்ந்துவிடும். அடுத்தவர் வயிற்றெரிச்சல் அவருக்குக் கட்டுரையில் ஒரு பத்தி.

பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியை. உழைக்கிறவர்களைச் செயலிகள் எப்படி ஆட்டிவைக்கின்றன என்பது ஆய்வு. வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோகிறவர்களுக்கு அவர் 'ஆராய்ச்சியக்கா'. கேட்டு எழுதினால் போதாதென்று ஒரு மாதம் தானே பையைத் தூக்கினார். நான்கு மாடி ஏறி, ஆறிப்போன சூப்பைத் தவறான வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். "முனைவர் பட்டம் வாங்கினவளுக்கு மூணு நட்சத்திரம் தேறலையே" என்று கணவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "அந்த ஒத்த நட்சத்திரம் போட்டவன் யாருன்னு மட்டும் தெரியட்டும்" என்று இவர் பல்லைக் கடிப்பார்.

போன மாதம் அந்தச் சிரிப்பு நின்றது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டும் ஒரு பெண், மரத்தடியில் நின்று முக்கால் மணி நேரம் இவர் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அதற்குள் வந்த நான்கு ஆர்டர்களை ஏற்கவில்லை. மறுநாள் செயலி அந்தப் பெண்ணை உள்ளே விடவில்லை.

ஆராய்ச்சியக்கா நிறுவனத்தின் அலுவலகத்துக்கு ஓடினார்.

"செயலியில புகார் போடுங்க மேடம்" என்றார் அங்கிருந்த ஊழியர்.

"அதுதானே அவங்களை உள்ள விடமாட்டேங்குது. நீங்க திறந்து விடுங்க."

"எனக்கு அந்த அனுமதி இல்ல மேடம். எனக்கும் அதுதான் மார்க் போடுது."

அதையும் குறித்துக்கொண்டார், பழக்கதோஷம். ஆனால் எழுந்து போகவில்லை. மூன்று நாள் அதே பெஞ்சில் உட்கார்ந்து, வந்த மேலாளரிடமெல்லாம் "நிக்க வச்சது நான், தப்பு என்னோடது" என்று எழுதிக் கொடுத்தார். நான்காம் நாள் காலை செயலி வழிவிட்டது. திறந்தது யாரென்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இப்போதெல்லாம் பேட்டி ஓடும் வண்டியில்தான். இன்று அதே பெண்ணின் வண்டியில், சாப்பாட்டுப் பையை மடியில் அணைத்தபடி, பின்சீட்டிலிருந்து காற்றோடு மல்லுக்கட்டிக் கேட்கிறார்: "போன் சொன்னா ஏன் உடனே கேக்கறோம்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா?"

அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் கைப்பிடியில் மாட்டியிருந்த போன் புது ஆர்டர் என்று கூவுகிறது. முன்னால் பெரிய வளைவு. ஓட்டுகிறவரின் இரண்டு கையும் காலியில்லை. ஆராய்ச்சியக்கா இருக்கையிலிருந்து எம்பி, அந்தத் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, பச்சைப் பொத்தானை அழுத்துகிறார்.