கூட்டிய முற்றம்

1989இல் கனடாவின் எட்மண்டனில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி திலகேஸ்வரி அக்கா. ஆஸ்பத்திரி லோண்டரியில் வாரத்தில் ஆறு நாளும் ஊராரின் அழுக்கோடு மாரடித்துவிட்டு வருவார்; வாசல் புல்லை வெட்ட நேரமில்லாமல் அது முழங்காலளவு வளர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு டொரீனோ வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உன் புல்லால் தெருவே அசிங்கமாகத் தெரிகிறது" என்பாள். எதிர்வீட்டுக்காரர் அதையே எழுதிக் கதவிடுக்கால் துண்டுக் கடிதமே போட்டார்.

அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் முற்றத்தில் புல் மண்டினால் அது ஆளில்லாத வீடு. லீவு கிடைத்த ஒரு சனிக்கிழமை மண்வெட்டியோடு இறங்கி, ஒரு வேர் விடாமல் செருக்கி, கூட்டி, தண்ணீர் தெளித்து, வெறும் மண்ணாக்கிவிட்டார். "இனி ஒருத்தரும் வாய் திறக்க ஏலாது" என்றார் என்னிடம்.

திறந்தார்கள். "புதைகுழி மாதிரிக் கிடக்கிறது" என்று டொரீன் முகத்தைச் சுளித்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று பார்த்துத் தலையை ஆட்டினார்கள். ஒரு மாதம் தாக்குப்பிடித்த அக்கா, கடைசியில் பாய் போலச் சுருட்டி விற்கும் புல்லை வாங்கிப் பரப்பினார்.

"இப்போதுதான் மனிதர் இருக்கிற வீடு மாதிரி இருக்கிறது" என்று டொரீன் மெச்சினாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய நாய் புதுப் புல்லின் நடுவே குந்தி மலம் கழித்தது. புல்லுக்கு உரம் என்று சிரித்துவிட்டு, நாயைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"வெறும் மண்ணாக் கிடக்கேக்க அந்த நாய்கூட உள்ள வரேல்லை, தம்பி."