போர்த்துக்கேயருக்கு முன்

இனிமேல் வரப்போகிறவர்களின் பெயரை, அவர்களை அறியாமலே வாழ்ந்து முடித்தவர்களின் தலையில் கட்டலாமா? வெள்ளவத்தை ஜெஸீமாவுக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் இந்தக் கேள்வி வந்தது. கல்யாண அழைப்பு உறைகளில் பெயர் எழுதுவது அவள் தொழில். எழுத்து அழகானது, அதற்கு மேல் புகழ ஏதும் இருப்பதாக அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலைக் கண்காட்சிக்கு விளக்க அட்டைகள் எழுதக் கூப்பிட்டிருந்தார்கள். பொறுப்பாளர் சரித்திர ஆசிரியர் சிவபாதசுந்தரம். ஒல்லாந்தருக்கு ஆறு அட்டை, இங்கிலீசுக்காரருக்கு ஒன்பது. ஓரத்து மேசையில் இருந்த சீனக் காசு, பாசிமணிகள், அரபு எழுத்துக் கல்லின் படம், உடைந்த பானை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று: 'போர்த்துக்கேயருக்கு முன்'. அதைப் பெரிதாக எழுதி முடித்தவள் பேனையை மூடவில்லை.

"சேர், இந்தக் காசக் கொண்டுவந்த ஆளுக்குப் போர்த்துக்கேயன் வரப்போறது தெரியுமா?"

"எப்பிடித் தெரியும்?"

"அப்ப அவன் வாற வரைக்கும் இவர் ஏன் வாசல்ல காத்துக்கொண்டு நிக்கணும்?"

சிவபாதசுந்தரம் சிரித்தார். "பிள்ளையளுக்கு அவங்கள் இங்க வந்த வருசம், ஆயிரத்து ஐந்நூற்றி ஐந்து, தெரியும். அதுக்கு முந்தி எண்டா உடன விளங்கும். நாளைக்குக் காலமை திறப்பு விழா, ஜெஸீமா!"

அவர் சொன்னதும் பிழையில்லை. அந்தப் பெயர் ஒரு பஸ் தரிப்பிடம்போல. இடம் காட்ட உதவும். ஆனால் தரிப்பிடத்தில் யாரும் குடியிருப்பதில்லை.

"அட்டை மிச்சம் ஈக்கிது சேர். நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்."

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். காசு எந்தக் கடல் கடந்து வந்தது, மணியை எதில் செய்தார்கள், கல்லில் யாருக்காகப் பிரார்த்தனை. பானையில் அவர் திணறினார்.

"இது எந்தக் காலமெண்டு எனக்கே தெரியாது."

அவள் எழுதினாள்: 'காலம் தெரியாது. யாரோ இதில் சோறு ஆக்கியிருக்கலாம்.'

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். "ஓம், ஓம், அதையே வையுங்கோ!"

மறுநாள் பிள்ளைகள் அந்தப் பானையைச் சுற்றித்தான் மொய்த்தார்கள். "கறி என்ன மிஸ்?" என்றாள் ஒருத்தி. ஜெஸீமாவுக்கு அன்று கால் தரையில் படவில்லை.

பயன்படாத 'போர்த்துக்கேயருக்கு முன்' என்ற அந்தப் பெரிய அட்டையை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். வரவேற்பறையில், தானும் கணவர் பஸீரும் நிற்கும் கல்யாணப் படத்துக்குக் கீழே ஒட்டினாள். வருகிறவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். "ஏன் புள்ள இது?" என்று பஸீர் பலமுறை கேட்டுவிட்டார். அட்டை சரிந்தால் நேராக்குவாள். "படத்துல நிக்கிற ரெண்டு பேருக்கும் வரப்போறது தெரியுமா?" என்பாள்.