ரீட்டா பிரின்ட்லியின் வயிற்றுவலி

இங்கிலாந்தில் எங்கள் பர்ஸ்லம் பக்கம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருத்தி வீட்டில் சமைத்தால், புருஷனுக்கு வேலை போய்விட்டதோ என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். அன்றைக்குப் பார்சல்தான். ரீட்டா பிரின்ட்லி வீட்டுக்குப் பத்தொன்பது வருஷமாக லாவின் சீனக் கடைப் பார்சல். போனில் அவள் "ஹலோ" என்று முடிப்பதற்குள், "மொறுமொறு பீஃப், முட்டை ஃப்ரைட் ரைஸ், கால் மணி நேரம், வாத்து" என்று லாவ் வைத்துவிடுவார். எங்கள் ஊரில் பஸ் டிரைவரிலிருந்து பாதிரியார் வரை எவரும் எவரையும் செல்லமாக வாத்து என்றுதான் கூப்பிடுவது. ஹாங்காங்கிலிருந்து வந்த லாவுக்கும் அது எப்போதோ ஒட்டிக்கொண்டது.

ரீட்டாவுக்கு டாக்டர் கிளினிக்கின் முன்மேசையில் உத்தியோகம். லீவுக்காக இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவனை வாசற்படியிலேயே கண்டுபிடித்துவிடுவாள். கோபுரமே சாய்ந்தாலும் தன் வாயில் பொய் வராது என்று அவளுக்கு ஒரு மிதப்பு உண்டு. ஐம்பத்தெட்டு வயது வரை அந்த மிதப்புக்குப் பங்கம் வரவில்லை.

வந்தது ஓர் அட்டைப்பெட்டியில். புருஷன் நெவில் ஒரு வெள்ளிக்கிழமை சூப்பர்மார்க்கெட்டிலிருந்து உறையவைத்த சீனச் சாப்பாடு இரண்டு பெட்டி வாங்கி வந்தான். மேலே "உணவகத் தரம்" என்று தங்க எழுத்து. "தங்க எழுத்தையா திங்கப் போற?" என்று ரீட்டா கிண்டல் பண்ணினாள். ஓவனில் இருபத்தைந்து நிமிஷம் வைத்து எடுத்து வாயில் போட்டதும் கிண்டல் நின்றுபோயிற்று. மாட்டிறைச்சி கடைசித் துண்டு வரை மொறுமொறுவென்று இருந்தது. லாவ் கடையில் வாங்கியது மேடு ஏறி வீடு வருவதற்குள் மூடிக்குள்ளேயே நமுத்துப்போய்விடும். பத்தொன்பது வருஷமாக நமுத்ததைத்தான் மொறுமொறு என்று சொல்லிச் சாப்பிட்டோமா என்று இருந்தது அவளுக்கு. துரோகம் செய்த மாதிரி நெஞ்சு உறுத்தியது, ஆனாலும் தட்டை வழித்துவிட்டாள்.

அடுத்த வெள்ளியும் பெட்டிதான். அதற்கடுத்த வெள்ளியும். லாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் நாங்கள் அப்படிப்பட்ட ஜாதி இல்லையே! சூப்பில் ஈ கிடந்தாலும் "பிரமாதம், நன்றி" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு வாரம் புலம்புவோம். ரீட்டாவும் சொல்லாமலே நழுவினாள்.

ஆறு வாரம் ஓடிற்று. ரத்த அழுத்த மாத்திரைக்குச் சீட்டு வாங்க லாவ் கிளினிக்குக்கு வந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நிற்க, மேசைமேல் சாய்ந்து, "ஆறு வெள்ளிக்கிழமையா போனே காணோமே, வாத்து. நாங்க ஏதும் தப்புப் பண்ணிட்டோமா?" என்று கேட்டார்.

வரிசை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது. ரீட்டாவுக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. "ஐயோ, அதெல்லாம் இல்ல. வயிறுதான் சரியில்ல. எண்ணெய் பக்கமே போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றாள். அடுத்த அறையில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. லாவின் முகம் வாடிவிட்டது. எத்தனை நாளாக, ராத்திரி தூக்கம் வருகிறதா, கஞ்சி ஏதாவது இறங்குகிறதா என்று துருவித் துருவிக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு பொய் கட்ட வேண்டியதாயிற்று. தினமும் அடுத்தவன் பொய்யைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்த வித்தை நன்றாகவே வந்தது. அதுதான் அவளை அன்று முழுக்க அரித்தது.

வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. மழை. வாசல் மணி அடித்தது. ரீட்டா திறந்தால், நனைந்த தலையோடு லாவ் நிற்கிறார். கையில் துணி சுற்றிய பானை. கடையில் கூட்டம் அலைமோதுகிற நேரம், மனைவியைத் தனியாக விட்டுவிட்டு வந்திருக்கிறார். கோழியும் இஞ்சியும் போட்ட அரிசிக் கஞ்சி, ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது என்று மூச்சு வாங்கச் சொன்னார். பானை சுட்டது. இறக்கி வைக்க இடம் தேடி, அவள் தடுப்பதற்குள் நேரே சமையலறைக்குப் போய்விட்டார்.

அங்கே நெவில் ஓவனிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டிருந்தான். கஞ்சி ரீட்டாவின் வயிற்றுக்கு என்று லாவ் சொன்னதும், "வயிறா? இவளுக்கா? போன வாரம் என் பங்கையும் சேர்த்துத் தின்னா" என்று சிரித்தான் அந்த அப்பாவி. யாரும் கூடச் சிரிக்காததைக் கண்டு தட்டோடு அப்படியே நின்றான்.

லாவ் பானையை மேசைமேல் வைத்தார். பக்கத்தில் கிடந்த அட்டைப்பெட்டியை எடுத்து முன்னும் பின்னும் நிதானமாகப் படித்தார். ரீட்டாவுக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

"நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

இன்னொரு பொய்க்கு அவளிடம் தெம்பில்லை. "நல்லா இருக்கு" என்றாள். "உங்களுது வீடு வர்றதுக்குள்ள நமுத்துப்போயிடுது லாவ். சொல்லச் சங்கடமா இருந்துச்சு."

"அவ்வளவுதானா? சொல்லியிருந்தா மூடியில நாலு ஓட்டை போட்டிருப்பேனே."

பத்தொன்பது வருஷத்துக்கு நாலு ஓட்டை. அவளுக்கு அழுகை முட்டியது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வெளியே வந்ததோ, கஞ்சியை வைத்துவிட்டுப் போங்கள், நாளைக்குச் சாப்பிடுகிறேன் என்ற வழக்கமான மரியாதைப் பேச்சு.

லாவ் பானையில் சுற்றியிருந்த துணியை மறுபடியும் இறுக்கி முடிந்தார். குரலில் கோபமே இல்லை.

"இல்ல, எடுத்துட்டுப் போறேன். கடை மாடியில எங்கம்மா நாலு நாளா படுத்த படுக்கை. இது அவங்களுக்கு வெச்ச கஞ்சி. உங்களுக்குத்தான் அவசரம்னு சொல்லி, நான்தான் அவங்களக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொன்னேன்."

இரண்டு கையிலும் பானை இருந்ததால் அவரால் தாழ்ப்பாளைத் தொட முடியவில்லை. ரீட்டா போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.